பேரலே லீவர்: ஏர் ரைஃபிள் பழகும் முறை

வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் சேலம், தருமபுரிக் காடுகளில் தோளில் போட்டுத் திரிந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். ட்ரிகருக்குக் கீழுள்ள லீவரை இறக்கி ஏற்றினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்த வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று நம் ஊரான மூலனூரில் லீவர் இழுத்துச் சுடப் பழக நினைப்பவருக்குக் கைக்கெட்டுவது மடக்கு ஏர் ரைஃபிள். அதில் பேரலே லீவர்; அதை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். துளை 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாவிட்டால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

முதலில் நீளம். வெடிமருந்துத் துப்பாக்கியில் பேரல் நீண்டால் குண்டின் வேகம் பொதுவாகக் கூடும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் முதல் சில அங்குலங்களிலேயே குண்டு பெரும்பாலான வேகத்தைப் பிடித்துவிடும். மிச்ச நீளம் உதவுவது மடக்கவும் குறி பார்க்கவும்தான். பலர் பையனுக்கு ஏற்றது என்று குட்டைப் பேரல் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஸ்பிரிங் ஒன்றாக இருந்தால் குட்டைப் பேரலை மடக்கத்தான் அதிக பலம் வேண்டும். இளம் கைக்குப் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கின் இளக்கம். கடையிலேயே அவனை மடக்கச் சொல்லிப் பாருங்கள்; கை நடுங்கினால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

அடுத்து இடம். 10 மீட்டர் போதும். ஒலிம்பிக் ஏர் ரைஃபிளுக்கும் அதே தூரம்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அந்தத் தூரத்தில்தான். குண்டைத் தடுக்க, பலகைப் பெட்டிக்குள் பின்பக்கம் இரும்புத் தகடு வைத்து, திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டை இறுக்கி அடையுங்கள். குண்டு அதில் புதைந்துவிடும். அதற்கும் பின்னால் மண்மேடு இருக்கட்டும். கல்லிலோ வெறும் தகரத்திலோ சுட்டால் குண்டு திரும்பி வரும். கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் ஊரில் சும்மா விடாது, ஆடியில் கேட்கவே வேண்டாம். இலேசான குண்டை அது ஒதுக்கிவிடும் என்பதால் விடியற்காலையில் பழகுங்கள்.

இனி மடக்குவது. துப்பாக்கியின் வாய் இலக்கின் பக்கமே இருக்க, விரல் ட்ரிகரைத் தொடாமல், பேரலின் நுனியைப் பிடித்து 'க்ளிக்' கேட்கும்வரை ஒரே இழுப்பாக இறக்குங்கள். பாதியில் விட்டால் வெட்டியெறிவதுபோல் திரும்பும். குண்டு போடும்போதும் ஒரு கை பேரலை விடவே கூடாது. விரல் போகும் இடம் இது. குண்டின் தலை முன்னால், பாவாடை பின்னால். குண்டில்லாமல் சுட்டால் பிஸ்டன் மோதிக் கெடும்.

பிடிப்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னுக்கும் உடனே முன்னுக்கும் உதைக்கும். இறுக்கிப் பிடித்தால் பிடி ஒவ்வொரு முறையும் மாறும், குண்டும் சிதறும். முன்னால் தாங்கும் கையைத் திறந்து, உள்ளங்கையில் துப்பாக்கியைக் கிடத்துங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ட்ரிகரை மெதுவாக அழுத்துங்கள். சுட்ட பிறகும் ஒரு நொடி அசையாதீர்கள். நீளப் பேரலில் குண்டு இன்னும் சற்று நேரம் உள்ளேயே இருக்கும். குட்டையில் முன் சைட்டும் பின் சைட்டும் நெருங்கியிருப்பதால் சின்னச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. அதில் ஒவ்வொரு தடவையும் கன்னத்தை ஒரே இடத்தில் பதியுங்கள்.

ஐந்து குண்டு சுட்டுவிட்டுத் துளைகளைப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து இடப்பக்கம் விழுந்தால் பின் சைட்டை வலப்பக்கம் நகர்த்துங்கள். சிதறிக் கிடந்தால் சைட்டைத் தொடாதீர்கள், பிடிப்பைச் சரி செய்யுங்கள்.

தோட்டத்தில் மயில் வந்து மேய்ந்தால் எரிச்சல் வரும், தெரியும். அதன் பக்கம் இதை நீட்டவே கூடாது. கௌதாரி, முயல் மீதும் கூடாது, அது குற்றம்.

முறையாகப் பழக வேண்டுமானால் கோவை ரைஃபிள் கிளப் போன்ற இடத்தில் பயிற்சியாளரைப் பாருங்கள். வீட்டில் மடக்கிய நிலையில் வைத்துவிடாதீர்கள், ஸ்பிரிங் தளரும், ஆபத்தும்கூட. பேரலை எண்ணெய்த் துணியால் துடைத்து, குண்டு வேறு துப்பாக்கி வேறாகப் பூட்டுங்கள்.