சிறிய காரும் சீரிய ஓட்டமும்

பிரித்தானியாவில் பதினேழு வயது நிரம்பியோர் கார் ஓட்டப் பழகலாம். எமது மேல்வகுப்பு மாணவர் பலர் அவ்வயதை நெருங்கிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் பழைய, சிறிய, சிக்கனமான கார் ஒன்றேயாகும். அதனை மேலும் சிறப்பாக ஓடச் செய்யவேண்டும் என்னும் ஆவல் இளமைக்கு இயல்பானது, அது தவறுமன்று. ஆயினும் கையிலுள்ள சிறு தொகையை முதலில் எதற்குச் செலவிடுவது என்பதே வினா. இவ்வினாவுக்கு வரலாறும் பௌதிகவியலும் தரும் விடையினை நாம் இங்கு ஆராய்வோம்.

வரலாறு கூறும் பாடம்

1956ஆம் ஆண்டின் சுயஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. குறைந்த எரிபொருளில் ஓடும் சிறிய கார் ஒன்று தேவைப்பட்டது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த ‘மினி’ 1959இல் விற்பனைக்கு வந்தது. அதன் எஞ்சின் 848 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 34 குதிரைவலுவும் மட்டுமே கொண்டது. சில்லுகளோ 10 அங்குல விட்டமுடையவை.

பந்தயக் கார்களைக் கட்டிவந்த ஜோன் கூப்பர், இச்சிறு வண்டி வளைவுகளில் வீதியை விடாது பற்றிச் செல்லும் பண்பினைக் கண்டுகொண்டார். அவருடைய முயற்சியால் 1961இல் ‘மினி கூப்பர்’ பிறந்தது. எஞ்சின் 997 கன சென்ரிமீற்றராகவும் வலு 55 ஆகவும் உயர்ந்தன. அத்துடன் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்குகளும் பொருத்தப்பட்டன. வலுவைக் கூட்டியவர்கள் நிறுத்தும் ஆற்றலையும் உடன் கூட்டினர் என்பதை மாணவர்கள் மனங்கொள்ளல் வேண்டும். 1964இல் பாடி ஹொப்கேர்க் ஓட்டிய மினி கூப்பர் எஸ், பனி படர்ந்த மலைப்பாதைகளைக் கொண்ட மொன்ரே கார்லோ ஓட்டப்போட்டியில் முதலிடம் பெற்றது. 1965இலும் 1967இலும் மினி மீண்டும் வென்றது. பெரிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு நடுவே இவ்வெற்றிகளை ஈட்ட அதற்குத் துணைநின்றவை குறைந்த பாரமும், வீதியைப் பற்றும் திறனும், சாரதியின் பயிற்சியுமாகும்.

நிறுத்துவதே முதற்பாடம்

ஓடும் பொருளின் இயக்கசக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமானது. வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். அச்சக்தி முழுவதையும் பிறேக்குகள் வெப்பமாக மாற்றினாலன்றிக் கார் நிற்காது. ‘ஹைவே கோட்’ என்னும் வீதி ஒழுங்கு நூல் தரும் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 30 மைல் வேகத்தில் பிறேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் 14 மீற்றர். 60 மைலிலோ 55 மீற்றர். ஏறக்குறைய நான்கு மடங்கு. சாரதி அபாயத்தைக் கண்டு காலை அழுத்துவதற்குள் கடக்கும் 18 மீற்றரையும் சேர்த்தால் மொத்தம் 73 மீற்றராகும். ஈரமான வீதியில் இத்தூரம் குறைந்தது இரு மடங்காகலாம்.

ஆதலின் முதற்செலவு ரயருக்கே உரியது. ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. ஓடுதல், திரும்புதல், நிற்றல் ஆகிய மூன்றும் அந்நான்கு உள்ளங்கைகளில் தங்கியுள்ளன. நல்ல ரயர்கள் நான்கு, சரியான காற்றழுத்தம், சில்லுகளின் நேர்சீராக்கம் ஆகியவற்றால் வண்டி புதியதுபோல் உணரப்படும். காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் அளத்தல் வேண்டும். அது குறைந்தால் உருளும் தடை கூடிப் பெற்றோலும் வீணாகும்.

அடுத்தது பிறேக். தேய்ந்த பட்டைகளை மாற்றுவதோடு பிறேக் எண்ணெயையும் கவனித்தல் வேண்டும். அது காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து, மிதி தளர்ந்து உள்ளே போய்விடும். இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே முறை.

செலவின்றிக் கிடைக்கும் வலு

சாரதி உட்பட 1000 கிலோகிராம் திணிவும் 75 குதிரைவலுவும் கொண்ட கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குதிரைவலுவும் 13.3 கிலோகிராமை இழுக்கவேண்டும். காரின் பின்பெட்டியில் மறந்துபோய்க் கிடக்கும் 50 கிலோகிராம் பொருள்களை இறக்கிவிட்டால் இது 12.7 ஆகக் குறையும். ஏறக்குறைய 4 குதிரைவலுவைச் செலவின்றிக் கூட்டியதற்கு இது சமமாகும். ஆயினும் பாரத்தைக் குறைப்பதாக எண்ணி உதிரிச் சில்லையோ, இருக்கையையோ, பட்டியையோ அகற்றுதல் அறிவுடைமையாகாது.

இதே கணக்கால் அழகுக்காகப் பூட்டப்படும் பெரிய சில்லுகளின் குறையும் விளங்கும். சில்லு முன்னோக்கி நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே அதன் பாரம் காரின் ஆர்முடுகலை இரு வழிகளில் தடுக்கின்றது.

எஞ்சினில் செய்யத்தக்கவை

புதிய வலுவைத் தேடுமுன் இழந்த வலுவை மீட்டல் வேண்டும். தேய்ந்த ஸ்பார்க் பிளக், அடைபட்ட காற்று வடிகட்டி, பழைய எண்ணெய் ஆகியவற்றை உரிய காலத்தில் மாற்றுதல் சிறு செலவே. காதைப் பிளக்கும் புகைக்குழாயைப் பூட்டுவோர் ஒலியை வலுவென மயங்குகின்றனர். எஞ்சினை ஆளும் கணினியின் கட்டளைகளை மாற்றுவதால் டேர்போ பூட்டிய எஞ்சின்களில் குறிப்பிடத்தக்க வலு கிடைப்பதுண்டு. டேர்போ இல்லாத சிறு எஞ்சினிலோ கிடைப்பது சொற்பமே.

சட்டமும் காப்புறுதியும்

காரில் செய்யும் மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். மறைத்தால், விபத்து நேர்ந்தபின் இழப்பீடு மறுக்கப்படவும் கூடும். ரயரின் பள்ளம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைதல் சட்டவிரோதம். அத்தகைய ரயர் ஒவ்வொன்றுக்கும் 3 தண்டப்புள்ளிகள் விதிக்கப்படலாம். சோதனையில் தேறி இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோகும். தேய்ந்த ரயர்கள் இரண்டே ஓர் இளைஞரின் அனுமதிப்பத்திரத்தை இழக்கச் செய்யப் போதுமானவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை கார் பற்றிப் பேசத் தொடங்கியதும் “வேண்டாம்” என்று வாயடைப்பதால் ஆவல் அடங்கிவிடாது. அவருடன் சேர்ந்து ரயரின் பள்ளத்தை அளந்து பாருங்கள். செலவுக் கணக்கை அவரையே எழுதச் சொல்லுங்கள். பிறந்தநாளுக்குப் பரிசளிக்க விரும்பின் நான்கு நல்ல ரயர்களைப் பரிசளியுங்கள். அவை வீட்டு வாசலில் மினுங்கமாட்டா. மழை பெய்யும் ஓர் இரவில் உங்கள் பிள்ளையை அவையே வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

பயிற்சி

1. சாரதி உட்பட 900 கிலோகிராம் திணிவும் 60 குதிரைவலுவும் கொண்ட காரிலிருந்து 45 கிலோகிராமை இறக்கினால், ஒரு குதிரைவலு இழுக்கவேண்டிய திணிவு எவ்வளவாகும்?

2. மணிக்கு 20 மைல் வேகத்தில் பிறேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் 6 மீற்றர். 40 மைல் வேகத்தில் அது எவ்வளவாகும் எனக் கணித்து, வீதி ஒழுங்கு நூலுடன் ஒப்பிடுக.

3. உங்கள் வீட்டுக் காரின் நான்கு ரயர்களிலும் பள்ளத்தின் ஆழத்தைப் பெற்றோருடன் அளந்து அட்டவணைப்படுத்துக.