பரிசிலை மறுத்த புலவர்

பீன்யாவிலிருந்து சேலம் செல்லும்போது ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் கடந்தபின் தருமபுரி வரும். உங்களுள் சிலருக்கு அதுவே சொந்த ஊர். பழங்காலத்தில் தகடூர் எனப்பட்ட அவ்வூரை அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டான். அவன் தந்த பரிசிலை ஒரு புலவர் ஏற்க மறுத்தார். அவர் பெயர் பெருஞ்சித்திரனார்.

அவர் செல்வர் அல்லர். தம் வீட்டு வறுமையைப் புறநானூற்றில் (160) அவரே கூறுகிறார். பசித்த மகன் தாயிடம் பால் இன்மையால், உணவு தேடி வெறுங்கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருமென அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள். அழுகை ஓயவில்லை. இத்தகைய வீட்டை உடையவர்தாம் அதியமானை நாடிச் சென்றார்.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளல். ஆயினும் இப்புலவரை நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைக் கொள்ளவில்லை. ‘பொருளை மட்டும் பெற்றுச் செல்ல யான் வணிகன் அல்லேன், என் தகுதி அறிந்து தந்தால் தினையளவும் இனிது’ என்னும் கருத்தமையப் பாடினார் (208).

இங்குள்ள பட்டறைகளில் லேத் இயக்குவோரை நீங்கள் அறிவீர்கள். கடைந்த உருப்படியை ஏறிட்டும் பாராமல் கூலியை நீட்டினால், நல்ல தொழிலாளி, “முதலில் அளந்து பாருங்கள்” என்பார். கூலி அவருக்கும் தேவைதான். புலவரும் பரிசில் கேட்க நாணவில்லை. தம்மைக் காணாமல் தந்ததையே மறுத்தார்.

இளவெளிமான் என்பவன் அவருக்கு மிகச் சிறிதே கொடுத்தான். அதனையும் ஏற்காமல், முதிர மலைத் தலைவன் குமணனைப் பாடி யானையொன்று பெற்றார். அதனை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டி, ‘இஃது யாம் தரும் பரிசில்’ என்னும் பொருள்படக் கூறிச் சென்றார் (162). வீட்டில் அழுத மகனை எண்ணும்போது, இச்செயல் எனக்குச் சற்று மிகையாகவே தோன்றுகிறது. எனினும், குமணன் தந்த செல்வத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், எல்லோர்க்கும் கொடுக்குமாறு மனைவியிடம் சொன்னவரும் இவரே (163).

சொற்பொருள்: பரிசில் – புலவர் பெறும் கொடை, கலம் – பாத்திரம், காவல்மரம் – பகைவர் அணுகாதபடி மன்னர் காத்த மரம்.

பயிற்சி
1. பெருஞ்சித்திரனார் குமணனின் கொடையை ஏற்றார். அதியமானின் பரிசிலை ஏன் ஏற்கவில்லை?
2. புலவர் வெறுங்கையோடு வீடு திரும்பினால், அவர் மனைவி என்ன கூறியிருப்பார்? இருவரும் பேசுவதாக ஓர் உரையாடல் எழுதுக.