எழுதாத தேர்வுக்கு கிரேடு

கேள்வி: பரீட்சையே எழுதாத மாணவர்களுக்கு கம்ப்யூட்டர் கிரேடு போட்டதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். நடந்தது இங்கிலாந்தில். 2020-இல் கொரோனாவால் ஏ-லெவல் என்னும் பள்ளி இறுதித் தேர்வுகள் ரத்தாயின. பல்கலைக்கழக இடமோ அந்த கிரேடை நம்பித்தான். ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிரேடை மதிப்பிட்டு, வகுப்பில் அவர் எத்தனையாவது இடம் என்றும் எழுதி அனுப்பினார்கள். தேர்வுகளைக் கண்காணிக்கும் ஆஃப்குவால் அமைப்பின் அல்காரிதம், அதாவது கம்ப்யூட்டர் கணக்குமுறை, அந்த வரிசையை எடுத்துக்கொண்டு, பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகளுக்கு ஏற்ப கிரேடைப் பங்கிட்டது.

யாருமே 'ஏ' வாங்கியிராத பள்ளியில் ஒரு கெட்டிக்காரப் பெண் படித்தால்? அவள் பாடு திண்டாட்டம்தான்.

ஒரு பாடத்தில் ஐந்து பேருக்கு மேல் இல்லையென்றால் மட்டும் ஆசிரியர் போட்ட கிரேடு அப்படியே நின்றது. அவ்வளவு சின்ன வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில்தானே அதிகம்! வேண்டுமென்றே செய்த ஓரவஞ்சனை அல்ல. பலன் என்னவோ அதேதான்.

ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது, சுமார் 40 சதவீத கிரேடுகள் ஆசிரியர் மதிப்பீட்டைவிடக் கீழே இறங்கியிருந்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில் அரசு பின்வாங்கி, ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றது. பிரதமர் போரிஸ் ஜான்சன் பழியை அல்காரிதத்தின் தலையில் போட்டார். பதவியை விட்டுப் போனதென்னவோ மனுஷிதான்: ஆஃப்குவாலின் தலைமை அதிகாரி சாலி காலியர், அந்த மாதமே.