கைப்பிடியில் எடை சேர்க்கலாமா?

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி செய்கிறேன். கைப்பிடிக்குள் எடை வைத்தால் முனை ஆடுவது குறையுமா?
– வாசகர், திருவண்ணாமலை

பெரிதாகக் குறையாது, எடையை முன்பக்கம் வையுங்கள். ஆட்டத்தை அடக்குவதில் எடையைவிட அது இருக்கும் தூரத்துக்கே வலு அதிகம். மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி 40 கிராம் செய்யும் வேலையை, 20 செ.மீ. தள்ளி வெறும் 10 கிராம் செய்துவிடும். முனை கனத்துக் கீழே இறங்குகிறது என்றால்கூட, முன்னெடையைக் கழற்றுவதுதான் வழி. கைப்பிடியில் ஈயம் வைத்தால் சமநிலை வந்தது போலத் தோன்றும், மணிக்கட்டின் பாரம் குறையாது. துப்பாக்கி பக்கவாட்டில் சாய்கிறவர்களுக்கு மட்டும் கைப்பிடியின் அடியில் வைக்கும் எடை ஓரளவு உதவும். மொத்தமாகக் கனம் கூடினாலே கை நிலைக்கும் என்பார்கள். ஆனால் போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டுகள், அதுவும் ஒற்றைக் கையால்! தோள் தளர்ந்தால் அந்தக் கனமே எதிரி. சர்வதேச விதிப்படி உச்சவரம்பு 1,500 கிராம்; 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றதும் இதற்குள்தான்.

டயர் கடைகளில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் 5 கிராம் கட்டிகள் கிடைக்கும். குழலுக்கு அடியில் ஒன்றை ஒட்டி, ஒரு வாரம் சுட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததை ஒட்டுங்கள்.