கிட் காரின் பின்தடுப்பு: தண்ணீரும் பெட்ரோல் வாடையும் உள்ளே வராமலிருக்க

பிரிட்டனில் காரை உதிரிகளாக வாங்கி, வீட்டுக் கராஜிலேயே பூட்டி முடிப்பவர்கள் நிறையப் பேர். 1957-இல் வந்த லோட்டஸ் செவன், 1973 முதல் அதைத் தொடர்ந்து தயாரிக்கும் கேட்டர்ஹாம், அவற்றைப் பார்த்துப் பிறந்த எத்தனையோ சிறு வண்டிகள் என எல்லாவற்றிலும் இருக்கைக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தகடு நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் பெட்ரோல் டாங்க்கும் பின் அச்சும். இந்தப் பக்கம் நம் முதுகு. இதைப் பொருத்துவது ஒரு நாள் வேலை. அடைப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

1. டாங்க், பின் அச்சு இரண்டையும் ஏற்றுவதற்கு முன்பே தகட்டைப் பொருத்திவிடுங்கள். இரு பக்கமும் கை போக வேண்டும். டாங்க் ஏறிவிட்டால் பின்பக்க மூலைகளை எட்டவே முடியாது. பெட்ரோல் நிரம்பிய டாங்க்குக்குப் பக்கத்தில் டிரில் ஓட்டுவதோ, நினைத்தே பார்க்கக் கூடாதது.

2. முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். சட்டகம் கையால் வெல்டிங் செய்தது; இடமும் வலமும் சில மில்லிமீட்டர் மாறும். வரைபட அளவை நம்பித் தகட்டை வெட்டினால் ஒரு மூலை இடிக்கும், எதிர் மூலை இளிக்கும். அலுமினியத்தில் கோடு போட மார்க்கர் பேனா போதும். பென்சில் வேண்டாம்: கிராஃபைட் படிந்த இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும்.

3. 1.2 அல்லது 1.5 மி.மீ. தடிமன் போதும். விளிம்பை மடிக்க இரண்டு ஆங்கிள் இரும்புகளுக்கு நடுவே இறுக்கி, கொட்டாப்புளியால் நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போங்கள். இரும்புச் சுத்தியல் பட்டால் தழும்பு விழும். கத்தி முனைபோல் மடித்தால் விரிசல் விடும். மடிப்பில் சிறிய வளைவு இருக்கட்டும். மேலே ஒட்டி வரும் பாதுகாப்புப் படலத்தைச் சீலன்ட் படும் ஓரங்களில் மட்டும் உரியுங்கள், மற்றது கடைசிவரை இருக்கட்டும்.

4. ரிவெட் துளைகளுக்கு இடையே சுமார் 50 மி.மீ. விடுங்கள். தகட்டின் ஓரத்திலிருந்து துளையின் மையம் ரிவெட் விட்டத்தைப்போல் இரு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். நடுவில் தொடங்கி இரு பக்கமும் வெளியே போங்கள். ஒவ்வொரு துளையிலும் தற்காலிகப் பிடியைச் (பட்டறையில் கிளீக்கோ என்பார்கள்) செருகிக்கொண்டே போனால் தகடு நகராது. 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 பிட், 4 மி.மீ.க்கு 4.1, 4.8-க்கு 4.9.

5. எல்லாத் துளையும் போட்ட பின் தகட்டைக் கழற்றுங்கள். இதைத் தவிர்க்க வழியே இல்லை. பிசிரை இரு பக்கமும் சுரண்டி எடுத்து, இரும்புத் தூளைக் காந்தத்தால் வாருங்கள். சட்டகத்தில் பெயின்ட் போய்ப் பச்சை இரும்பு தெரியும் ஒவ்வொரு துளை விளிம்பிலும் துத்தநாக பிரைமர் ஒரு பொட்டு வையுங்கள்.

6. ரிவெட்டின் நீளத்தைத் தகடும் சட்டகக் குழாயின் சுவரும் சேர்ந்த தடிமனுக்குப் பார்த்து வாங்க வேண்டும். 1.2 மி.மீ. தகடு, 1.6 மி.மீ. குழாய் என்றால் 2.8 மி.மீ. சாதாரண பாப் ரிவெட்டில் நடுக்கம்பி உதிர்ந்த ஓட்டை வழியே தண்ணீர் வரும். சக்கரம் வாரியடிக்கும் பக்கங்களிலாவது முனை மூடிய ரிவெட் போடுங்கள்.

7. இனி அடைப்பு. ரிவெட் அடித்து முடித்துவிட்டு ஓரத்தில் பூசும் சீலன்ட் வெறும் ஒப்பனை. அது தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே இருக்க வேண்டும். அங்கே இருந்தால்தான் தண்ணீர் நிற்கும், தகடு அதிராது. அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டு ஈரத்தில் ஒன்றையொன்று அரிப்பதும் குறையும். பவுடர் கோட்டிங்கின் பளபளப்பை நார்ப் பட்டையால் தேய்த்து மங்கவைத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நன்றாக உலரவிட்ட பின் பாலியூரிதேன் சீலன்ட்டை அறுபடாத ஒரே கோடாக இடுங்கள். கோடு துளைகளைச் சுற்றியோ அவற்றின் மேலேயோ போகட்டும். மூலைகளில் கூடுதலாக வையுங்கள். கசிவு எப்போதும் அங்கேதான். பிறகு தகட்டை வைத்து, கிளீக்கோ போட்டு, ஒவ்வொரு ரிவெட்டையும் சீலன்ட்டில் தொட்டு அடியுங்கள். ஓரத்தில் பிதுங்கி வந்தால் நல்ல அறிகுறி.

8. மேல்தோல் பிடிக்கும் நேரம் என்று டியூப்பில் போட்டிருப்பது பெரும்பாலும் 23 டிகிரி வெப்பத்துக்கானது. சீலன்ட் காற்றின் ஈரத்தால் இறுகுவது, குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு, அதனால் இங்கிலாந்துக் குளிர்காலக் கராஜில் வெகுநேரம் எடுக்கும். பிதுங்கியதை வழிக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு; இறுகாத பாலியூரிதேனை ஆல்கஹால் கெடுத்துவிடும். கையுறை கட்டாயம், கதவும் திறந்திருக்கட்டும்.

9. வினிகர் வாடை வரும் குளியலறை சிலிகான் இங்கே வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். அதன் மேல் பெயின்ட்டும் நிற்காது.

10. இரு இருக்கைகளுக்கும் நடுவே ஓடும் சுரங்கம் தகட்டைச் சந்திக்கும் இடத்தில் பெரிய இடைவெளி விழும். சீலன்ட்டைக் குவித்து நிரப்பாதீர்கள். சிறு அலுமினியத் துண்டு வெட்டி ரிவெட் அடித்து, அதன் ஓரத்தை அடையுங்கள். ஒயர், பெட்ரோல் குழாய், கைபிரேக் கேபிள் போகும் துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் தகட்டு விளிம்பு மெல்ல மெல்ல ஒயரின் தோலை அறுத்துவிடும்.

11. சீட் பெல்ட் போல்ட்டைத் தகட்டில் தாங்க விடாதீர்கள். அது தகட்டைக் கடந்து, சட்டகத்தில் வெல்டிங் செய்த பிடிப்பில் ஏற வேண்டும். பெரும்பாலும் 7/16 அங்குல யு.என்.எஃப். மரை. பிரிட்டனில் ஐ.வி.ஏ. என்னும் தனிவண்டி ஒப்புதல் சோதனையைத் தாண்டாமல் இப்படிக் கட்டிய வண்டியைச் சாலைக்குப் பதிவு செய்ய முடியாது. பெல்ட் பிடிப்பை அங்கே விடாமல் பார்ப்பார்கள். கூரிய விளிம்புகளுக்கும் அதே கதிதான், ஓரப்பட்டி மாட்டிவிடுங்கள்.

12. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். டாங்க் பக்கத்தின் அடியில் காற்றோட்டத்துக்கு வழி இருக்கட்டும். அதையும் சேர்த்து அடைத்துவிடும் ஆர்வக்கோளாறு வேண்டாம்.

13. சீலன்ட் முழுதும் இறுகியதும், இருட்டில் பின்பக்கம் ஒரு டார்ச்சை வைத்து உள்ளே உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் புள்ளிகளை மார்க்கரால் வட்டமிட்டு, இரு பக்கமும் அடையுங்கள். அடுத்து சக்கர வளைவுகளுக்குள் தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாகப் பீய்ச்சுங்கள். சாலைத் தண்ணீர் அந்தத் திசையில்தான் வரும். கார்பெட் ஒட்டுவது இதற்குப் பிறகு.