நாய்களுக்குரிய உலர் கடிபொருள்களும் அவற்றைத் தீங்கின்றிப் பயன்படுத்தும் முறையும்

எலும்பையோ தோல்துண்டையோ முன்கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு நெடுநேரம் கடித்துக்கொண்டிருப்பது நாயின் இயல்பு. இவ்வியல்பைக் கருதி, ஆடு, எருமை, பன்றி, கோழி, மீன் முதலியவற்றின் பகுதிகளை உலர்த்தி நாய்களுக்குக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. நம் நாட்டு நகரங்களிலும் இவை இப்போது கடைகளில் விற்பனையாகின்றன. வீட்டிலேயே உலர்த்திக் கொடுப்போரும் உளர். காது, தொண்டைக்குழல், தோல், தசைநார், இறைச்சிக் கீற்று, கருவாடு, இமயமலைப் பகுதியில் சுர்ப்பி எனப்படும் கடினமான பாற்கட்டி ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றை இக்கட்டுரையில் கடிபொருள்கள் என்று பொதுப்பெயரால் குறிப்பிடுவோம்.

இயற்கையாகக் கிடைப்பது, நன்கு உலர்ந்தது, ஆதலின் தீங்கற்றது என்னும் எண்ணம் மக்களிடையே உளது. இது முற்றிலும் சரியன்று. உலர்த்துதல் பொருளைக் கெடாமல் காக்கும். ஆனால் அதிலுள்ள நோய்க் கிருமிகள் யாவற்றையும் கொல்லாது. கெடாமல் இருத்தல் வேறு, நோயற்றதாக இருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தால் கடிபொருளைத் தேர்ந்தெடுப்பதும், தயாரிப்பதும், கொடுப்பதும் எளிதாகும். நாயின் நலம் மட்டுமன்றி, அதனோடு விளையாடும் குழந்தைகளின் நலமும் இதனைச் சார்ந்துள்ளது.

நாயின் பற்களும் கடிக்கும் இயல்பும்

குட்டிக்குப் பாற்பற்கள் 28. ஏறத்தாழ மூன்றாம் மாதம் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் அவை விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. வளர்ந்த நாய்க்கு மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22, ஆக 42 பற்கள் உண்டு. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதற் பின்கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல ஒன்றோடொன்று உராய்ந்து இறைச்சியை வெட்டுகின்றன. இவற்றை வெட்டுப்பற்கள் எனலாம். கடினமான பொருளைக் கடிக்கும்போது மிகுந்த அழுத்தம் விழுவது இப்பற்களின்மீதே. நாய்களிடம் அடிக்கடி உடையும் பற்களுள் மேல்தாடை வெட்டுப்பல் முக்கியமானது.

மாடு போல உணவை அரைத்து விழுங்கும் பழக்கம் நாய்க்கு இல்லை. தொண்டையில் நுழையும் அளவுக்குத் துண்டு சிறிதானவுடன் அது விழுங்கிவிடும். கடிபொருளின் நன்மையும் தீமையும் இவ்விரு இயல்புகளிலிருந்தே தோன்றுகின்றன. நெடுநேரம் கடிப்பதால் பல்லின்மேல் படியும் அழுக்கு ஓரளவு தேய்கிறது; தனித்திருக்கும் நாய்க்கு வேலை கிடைக்கிறது; பல் முளைக்கும் குட்டி வீட்டுப் பொருள்களைக் கடித்துப் பாழாக்குவது குறைகிறது. மிகக் கடினமான பொருளால் பல் உடைவதும், சிறு துண்டு தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்வதும் தீமைகளாகும்.

உலர்த்துதலால் நேர்வது யாது?

பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். கிருமிகள் வளர்ந்து பெருகுவதற்கு இந்நீர் இன்றியமையாதது. நீரைப் போக்கிவிட்டால் அவை பெருக முடியாது. எனவே பொருள் அழுகுவதில்லை. ஆயினும் பெருகாமல் இருப்பது இறந்துவிட்டதாகாது. விதை மண்ணில் ஈரத்துக்குக் காத்திருப்பதுபோலப் பல கிருமிகள் உலர்ந்த பொருளில் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. நாயின் வாயில் உமிழ்நீர் பட்டவுடனும், குழந்தையின் ஈரக் கையில் ஒட்டியவுடனும் அவை மீண்டும் செயற்படத் தொடங்கும்.

மற்றொரு செய்தி இதனினும் முக்கியமானது. ஈரமாக இருக்கையில் சூடேற்றினால் எளிதில் மடியும் கிருமிகள், உலர்ந்த பின் அதே சூட்டைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே முதலில் உலர்த்திப் பின்னர் வாட்டுவது பயன் குறைந்த முறை. முதலில் வேகவைத்துப் பின்னர் உலர்த்துவதே தக்க முறை. இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ், கோழி இறைச்சியாயின் 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடைந்த பின்னரே உலர்த்தத் தொடங்கவேண்டும்.

வெயிலில் தடித்த துண்டுகளை உலர்த்துவதில் இன்னோர் இடர் உண்டு. மேற்பரப்பு விரைவில் காய்ந்து கடினமான ஓடுபோல் ஆகிவிடும். உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். வெளியே காய்ந்து காணப்படும் துண்டு உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். ஈக்கள் மொய்ப்பதும், புழுதி படிவதும் வெயிலில் உலர்த்துவதன் பிற குறைகள்.

காதுகளால் பரவிய நோய்

சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி ஆகியவற்றை உண்டாக்குவது. 1999ஆம் ஆண்டில் கனடா நாட்டில் மனிதர்களுக்கு ஏற்பட்ட இந்நோய்க்கும், நாய்களுக்கென விற்கப்பட்ட உலர்ந்த பன்றிக் காதுகளுக்கும் தொடர்பு உண்டென்று கண்டறியப்பட்டது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 34 மாநிலங்களில் 154 பேர் பன்றிக் காதுகளோடு தொடர்புடைய இதே நோயால் தாக்கப்பட்டனர். இவர்கள் அக்காதுகளை உண்டவர்கள் அல்லர். அவற்றைக் கையால் எடுத்து நாய்க்குக் கொடுப்பதாலும், அவற்றைத் தின்ற நாயோடு பழகுவதாலும் இந்நோய் மனிதர்க்குப் பற்றுகிறது. நாயிடம் நோயின் அறிகுறி எதுவும் தோன்றாமலே அதன் மலத்தில் இக்கிருமி வெளிப்படுவதுண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு இந்நோய் கடுமையாக இருக்கும்.

ஈரலும் நுரையீரலும்

ஆட்டுத்தொட்டியில் விலை குறைவாகக் கிடைக்கும் ஈரலும் நுரையீரலும் உலர்த்துவதற்கு ஏற்றவை என்று பலர் கருதுகின்றனர். களப்பணியாளர் மிகவும் விழிப்புடன் இருக்கவேண்டிய இடம் இதுவேயாகும். எக்கினோகாக்கஸ் என்னும் மிகச் சிறிய நாடாப்புழு நாயின் குடலில் வாழ்கிறது. இதன் நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. நாயின் மலத்தோடு வெளிவரும் இதன் முட்டைகளைப் புல்லோடு மேயும் ஆடுமாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் உருவாகின்றன. அம்முட்டைகள் கையின் வாயிலாகவோ, கழுவாத காய்கறியின் வாயிலாகவோ மனிதனின் வயிற்றை அடைந்தால் அவனுக்கும் அதே கட்டிகள் தோன்றுகின்றன. இதற்கு நீர்க்கட்டி நோய் என்று பெயர். கட்டி பல ஆண்டுகள் மெதுவாக வளர்ந்து, பின்னர் அறுவைச் சிகிச்சையை வேண்டுமளவுக்குப் பெரிதாவதும் உண்டு.

கட்டி உள்ள உறுப்பைப் பச்சையாகவோ, அரைகுறையாக உலர்ந்த நிலையிலோ நாய் தின்றால் இச்சுழற்சி மீண்டும் தொடங்குகிறது. எனவே கட்டி காணப்படும் உறுப்பை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அதனை எரிக்கவோ, நாய் தோண்ட இயலாத ஆழத்தில் புதைக்கவோ வேண்டும். கட்டியில்லாது தோன்றும் உறுப்பையும் சிறு துண்டுகளாக்கி அரைமணி நேரம் கொதிக்கவைத்த பின்னரே உலர்த்தவேண்டும்.

அறிவுரையால் ஒரு நோயைக் குறைக்க இயலுமா என்று ஐயுறுவோர்க்கு ஐஸ்லாந்து நாட்டின் வரலாறு விடை கூறும். அந்நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் நீர்க்கட்டி நோய் மிகுந்திருந்தது. 1863ஆம் ஆண்டில் டென்மார்க்கிலிருந்து சென்ற ஹரால்டு கிராபே என்னும் அறிஞர் அங்குள்ள நாய்களை அறுத்துச் சோதித்து, நூற்றுக்கு ஏறத்தாழ 28 நாய்களில் இப்புழுவைக் கண்டார். நோய் பரவும் விதத்தையும், ஆட்டின் கழிவுறுப்புகளை நாய்க்குக் கொடாதிருக்க வேண்டியதையும் விளக்கி அவர் எழுதிய சிறு நூல் அந்நாட்டு வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. மக்கள் அதனைப் படித்துத் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டனர். பின்னர் வந்த சட்டங்களும் துணைநின்றன. 20ஆம் நூற்றாண்டில் அந்நோய் அந்நாட்டினின்றும் அகன்றது.

வகைகளும் அவற்றின் இயல்பும்

தொண்டைக்குழல் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது. நாய்க்கு ஏற்ற மென்மை உடையது. ஆயின் தைராய்டு என்னும் சுரப்பி இதனை ஒட்டியே அமைந்துள்ளது. அதனை நீக்காமல் உலர்த்திக் கொடுத்தால் அச்சுரப்பியின் நீர் நாயின் உடலில் மிகுந்து, தணியாத தாகம், மிகுந்த சிறுநீர், உடல் மெலிவு, அமைதியின்மை ஆகியன தோன்றும். 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சில நாயுணவுகள் இக்காரணத்தால் விற்பனையினின்றும் திரும்பப் பெறப்பட்டன.

பச்சைத்தோல் துண்டுகள் வயிற்றில் ஊறிப் பருத்து அடைப்பை உண்டாக்கக் கூடும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுத்துண்டுகளை ஒருபோதும் கொடுக்கலாகாது. சுண்ணாம்பு, சல்பைடு, குரோமிய உப்புகள் ஆகியன அவற்றில் தங்கியிருக்கும்.

கோழி இறைச்சிக் கீற்றுகள் பற்றியும் எச்சரிக்கை தேவை. கடைகளில் விற்ற இறைச்சிக் கீற்றுகளைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகக் கோளாறு முதலியன நேர்ந்ததாக 2007ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான முறையீடுகள் வந்தன. நெடிய ஆராய்ச்சிக்குப் பின்னும் திட்டவட்டமான காரணம் புலப்படவில்லை. தயாரிப்பாளர் யாரென்று அறியப்படாத கீற்றுகளைத் தவிர்த்தல் நன்று.

கருவாட்டில் உப்பு மிகுதி. மிகுந்த உப்பு நாய்க்கு நஞ்சாகும். குஜராத், மகாராஷ்டிரக் கடற்கரைகளில் பொம்பில் எனப்படும் வங்கவராசி மீனை மூங்கிற் கொடிகளில் தொங்கவிட்டு உப்பின்றி உலர்த்துவது வழக்கம். அத்தகைய உப்பில்லா மீனை வேகவைத்துச் சிறிதளவு கொடுக்கலாம்.

சுர்ப்பி நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங் பகுதிகளில் மக்கள் வாயிலிட்டு மெல்லும் உணவு. வெண்ணெய் எடுத்த மோரைக் கொதிக்கவைத்துத் திரட்டி, துணியில் கட்டிப் பாரமேற்றிப் பிழிந்து, துண்டாக்கி நெடுநாள் உலர்த்துகின்றனர். முதலில் கொதி, பின்னர் உலர்வு என்னும் ஒழுங்கு இம்மலைமக்களின் பழைய முறையில் அமைந்திருப்பது கருதத்தக்கது. நாய்களுக்கெனவும் இது இப்போது வெளிநாடுகளுக்கு அனுப்பப்படுகிறது. இதன் குறை கடினமே. வலிமையற்ற பற்களுடைய நாய்க்கும் குட்டிக்கும் இது ஆகாது.

குளம்பு, கொம்பு, தடித்த கால் எலும்பு ஆகியவை பல்லை உடைக்க வல்லவை. வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைத் துளைக்கும். மரக்கறி உண்ணும் இல்லத்தார் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சீவி வேகவைத்து உலர்த்திக் கொடுக்கலாம். ஆனால் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதாதலின் அதனை அறவே விலக்குக.

வீட்டில் தயாரிக்கும் முறை

சோதனை செய்யப்பட்ட ஆட்டுத்தொட்டியினின்றும் வாங்கிய பொருளையே பயன்படுத்துக. நோயால் இறந்த கால்நடையின் எப்பகுதியும் ஆகாது. அடைப்பான் நோயின் வித்துக்கள் உலர்ந்த தோலிலும் எலும்பிலும் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கும்; அந்நோய் ஐயமுள்ள உடலை அறுக்கவும் கூடாது. கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவித்தல் வேண்டும்.

பொருளைக் கழுவி, கொழுப்பையும் சுரப்பிகளையும் நீக்குக. கொழுப்பு எஞ்சினால் சிக்கு நாற்றம் ஏற்படும். அரைச் சென்டிமீட்டருக்கு மேற்படாத கனத்தில் கீற்றுகளாக்கி, மேற்கூறிய வெப்பநிலை அடையுமாறு நீரிலோ ஆவியிலோ வேகவைக்க. பின்னர்க் காற்றோட்டமுள்ள உலர்த்தியில் 60 முதல் 70 டிகிரி வெப்பத்தில் உலர்த்துக. மெல்லிய கீற்றை வளைத்தால் விரிசல் காணவேண்டும். பிளந்து பார்த்தால் உள்ளே ஈரம் இருத்தலாகாது. ஆறிய பின் காற்றுப்புகாத கலத்தில் இட்டு நாளைக் குறித்து வைக்க. மழைக்காலத்தில் உலர்ந்த பொருள் காற்றின் ஈரத்தை மீண்டும் ஈர்த்துக்கொள்ளும். பூஞ்சணம் தோன்றிய துண்டைத் துடைத்துப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுக.

கொடுக்கும் முறை

1. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதேனும் பதியாத பொருள் நாயின் பல்லுக்கு மிகக் கடினமானதெனக் கொள்க.

2. துண்டு நாயின் வாயைவிட நீளமாக இருத்தல் வேண்டும். விழுங்கத்தக்க அளவுக்குச் சிறிதானவுடன் வேறொரு தீனியைக் காட்டி அதனை மாற்றி எடுத்துவிடுக.

3. நாய் கடிக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். இரு நாய்களுக்கிடையே ஒரு துண்டை இடலாகாது. போட்டியால் அவை அவசரமாக விழுங்கும்.

4. நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கடிபொருள் வேண்டா.

5. கொடுத்த பின் சோப்பிட்டுக் கை கழுவுக. சமையல் பாத்திரங்களோடு இவற்றை வைக்கலாகாது.

6. நாய் மூச்சுத் திணறினாலும், தொடர்ந்து வாந்தியெடுத்தாலும், மலம் கழிக்க முடியாமல் முக்கினாலும், வாயில் குருதி தோன்றினாலும் கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் கொண்டுசெல்க.

7. மருத்துவர் கூறும் காலமுறைப்படி குடற்புழு நீக்கும் மருந்து கொடுக்க. இம்மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி, வெளிவந்த முட்டைகளைக் கொல்லாது. ஆதலின் மருந்து கொடுத்தபின் சில நாள் மலத்தைத் திரட்டிப் புதைத்தல் அவசியம்.

ஆசிரியர்களுக்கு

உலர்த்துதலின் தன்மையை வகுப்பில் எளிதில் காட்டலாம். தேங்காய்த் துண்டு ஒன்றை நிறுத்து, வெயிலில் உலர்த்தி, நாள்தோறும் அதன் எடையை மாணவரைக் கொண்டு எழுதச் செய்க. எடை குறைவது நின்றபின் அதனை இரண்டாக்குக. ஒன்றை உலர்ந்த சீசாவிலும், மற்றொன்றை நீரில் நனைத்து வேறொரு சீசாவிலும் இட்டு மூடிவைக்க. சில நாள்களில் நனைந்த துண்டில் பூஞ்சணம் படரும்; உலர்ந்தது மாறாதிருக்கும். இரண்டும் ஒரே துண்டின் பாதிகள். உலர்ந்த பாதி கெடாமல் இருப்பது நீர் இல்லாமையாலேயே. கிருமி இல்லாமையால் அன்று என்பதை மாணவர் தாமே உணர்வர். பூஞ்சணம் படர்ந்த சீசாவைத் திறவாமலே அப்புறப்படுத்துக.

நாயோடு விளையாடிய கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது என்னும் பழக்கத்தை இப்பாடத்தோடு சேர்த்துக் கற்பித்தல் நன்று. களப்பணியாளர்கள் ஆட்டுத்தொட்டி, இறைச்சிக்கடை ஆகியவற்றின் அருகே கழிவுறுப்புகள் நாய்களுக்கு எறியப்படுகின்றனவா என்று நோக்கி, அவற்றைப் புதைக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். வேகவைத்தபின் உலர்த்துதல், அளவறிந்து கொடுத்தல், கொடுத்தபின் கை கழுவுதல் என்னும் மூன்றும் வீடுதோறும் வழக்கமாகுமாயின், நாய்க்கு இன்பம் தரும் பொருள் வீட்டாருக்குத் துன்பம் தருவதாக ஆகாது.