நாய்க்கு என்ன சோறு போடலாம்?

நாய் நன்றியுள்ள பிராணி. வீட்டைக் காக்கும். தோட்டத்தைக் காக்கும். போட்டதைத் தின்னும். எது நல்லது, எது கெட்டது என்று அதற்குத் தெரியாது. சோறு போடுகிறவருக்குத்தான் தெரிய வேண்டும்.

மைசூரில் தசரா பெரிய திருவிழா. விஜயதசமி அன்று யானை ஊர்வலம் நடக்கும். வீடுகளில் உறவினர் கூட்டம் நிறையும். விருந்து நடக்கும். மிஞ்சியதை இலையோடு எடுத்துத் தெரு நாய்க்கு வைப்பார்கள். வீட்டு நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. அன்போடுதான் வைக்கிறார்கள். ஆனால் மனிதர் உடம்பு வேறு. நாயின் உடம்பு வேறு. அந்த விருந்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பாயசமும் கேசரியும்

இவற்றில் உலர்ந்த திராட்சை கிடக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பழமும் ஆகாது, உலர்ந்ததும் ஆகாது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் தப்பிவிடும். இன்னொரு நாய் இறந்துவிடும்.

புளியோகரே

தமிழர் இதைப் புளியோதரை என்பார்கள். திராட்சையில் நஞ்சு எது என்று பல ஆண்டுகள் தெரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் டார்டாரிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளைச் சுட்டிக் காட்டினார்கள். புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதை 2022-ல் எழுதினார்கள். ஆகவே புளியையும், கெட்டியான புளிக்காய்ச்சலையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

சாம்பாரும் பிரியாணியும்

இவற்றில் வெங்காயம், பூண்டு உண்டு. இவை நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை அழிக்கும். வேக வைத்தாலும் கேடு போகாது. பத்து கிலோ எடையுள்ள நாய்க்கு 150 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாலும் கேடு சேரும். பிரியாணியில் உள்ள கோழி எலும்பும் ஆபத்து. வெந்த எலும்பு கூராக உடையும். தொண்டையையும் குடலையும் குத்தும்.

மைசூர்பாகு

இதில் நெய்யும் சர்க்கரையும் அதிகம். கொழுப்பு மிகுந்தால் நாயின் கணையம் வீங்கும். வாந்தியும் வயிற்று வலியும் வரும்.

காப்பியும் சாக்லேட்டும்

காப்பித் தூள், வடிகட்டிய காப்பிச் சக்கை, சாக்லேட் மூன்றும் ஆகாது. இதயம் வேகமாகத் துடிக்கும். உடம்பு நடுங்கும். வலிப்பும் வரும். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு கெடுதல்.

சர்க்கரை நோயாளிகளுக்கான இனிப்பு

சில இனிப்புகளிலும் சூயிங்கத்திலும் சைலிட்டால் என்ற பொருள் இருக்கும். மனிதருக்கு அதனால் கேடில்லை. நாய்க்கோ சிறிதளவே ஆபத்து. ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று குறையும். கல்லீரலும் கெடும். பொட்டலத்தில் இந்தப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"எங்கள் தெரு நாய் சாம்பார் சோறு தின்றுதானே வாழ்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். சாம்பாரில் வெங்காயமும் புளியும் கரைந்து குறைவாக இருக்கலாம். நாயும் பெரியதாக இருக்கலாம். ஆனால் ரத்தம் குறைவது வெளியே உடனே தெரியாது. நாய் வாய் திறந்து சொல்லவும் முடியாது.

எதைப் போடலாம்?

வெறும் சோறு, ராகிக் கூழ், வேக வைத்த முட்டை, எலும்பு நீக்கி வேக வைத்த கோழிக்கறி போடலாம். கேரட், பூசணி, பீன்ஸ் ஆகியவற்றையும் வேக வைத்துப் போடலாம். உப்பு, காரம், தாளிப்பு வேண்டாம். வாழைப்பழமும் விதை நீக்கிய பப்பாளியும் சிறிதளவு கொடுக்கலாம். பால் சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது; பேதியாகும். தயிர் கொஞ்சம் கலந்த சோறு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

இதற்குத் தனிச் செலவு இல்லை. உலையில் வெந்த சோற்றில் ஒரு பிடியை, குழம்பு ஊற்றும் முன்பே எடுத்து வைத்தால் போதும்.

நஞ்சைத் தின்றுவிட்டால்?

வாந்தி, சோர்வு, நடுக்கம், வெளுத்த ஈறு, கறுத்த சிறுநீர், சிறுநீர் குறைதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். வெங்காயம் தின்றால் அறிகுறி தெரியச் சில நாள் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பொட்டலம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பு மிகுந்தால் அதுவும் நஞ்சு.

பயிற்சி

1. திராட்சை நாயின் எந்த உறுப்பைக் கெடுக்கும்?
2. வெங்காயத்தை வேக வைத்தால் கேடு போய்விடுமா?
3. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய மூன்று செய்திகள் எவை?
4. ஒரு தாளை எடுங்கள். "போடலாம்", "போடக் கூடாது" என்று இரண்டு தலைப்பு எழுதுங்கள். பாடத்தில் படித்த உணவுகளை அவற்றின் கீழே எழுதுங்கள். சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.